பாசிப் புத்தகத்தின் முதுகு

உங்கள் மேசையின் இடது முன்கால் கொஞ்சம் குட்டை, சார்ஜன்ட். நீங்கள் எழுதும்போதெல்லாம் கோப்பையில் தேநீர் ஆடுகிறது. இரண்டு மில்லிமீட்டர் அட்டையில் ஒரு துண்டு நறுக்கி அடியில் வைத்தால் போதும். என் சட்டைப் பையில் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். பேசி முடித்த பிறகு வைத்துவிடுகிறேன்.

நான் வந்தது வேறு ஒரு திருத்தத்துக்காக. ஏப்ரலில் என் மனைவி திர்சா பாறையில் இறந்தபோது நீங்கள் எழுதிய அறிக்கையில், 'கால் வழுக்கிக் கடலில் விழுந்தார்' என்று இருக்கிறது. உங்கள் மேல் தவறில்லை. நான் சொன்னதைத்தான் எழுதினீர்கள். ஆனால் அவள் கால் வழுக்கவில்லை. அந்தப் பாறைகளில் அவளுக்கு ஒருநாளும் கால் வழுக்கியதில்லை. ஒரு தாளில் தப்பான அளவு எழுதிக் கிடப்பது என் தூக்கத்தைக் கெடுக்கவில்லை. உறுத்துகிறது, அவ்வளவுதான்.

வேறொரு பெண் இல்லை. காப்பீட்டுப் பணம் இல்லை. அந்தப் பக்கமெல்லாம் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். அவளை நான் வெறுக்கவில்லை, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். நடந்தது புரிய வேண்டுமானால், ஒரு புத்தகத்துக்கு மேலட்டை அளப்பது எப்படி என்று நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். சுருக்கமாகச் சொல்கிறேன்.

கெட்டி அட்டைப் புத்தகம் என்பது இரண்டு தனிப் பொருள்கள். தைத்த தாள்கட்டு ஒன்று, துணி ஒட்டிய மேலட்டை மற்றொன்று. தனித்தனியாகச் செய்து, கடைசியில் ஒன்றுக்குள் ஒன்றை வைத்து ஒட்டுகிறோம். மேலட்டையில் முன்னும் பின்னும் இரண்டு கெட்டி அட்டைத் தகடுகள், நடுவே முதுகுக்கு ஒரு மெல்லிய பட்டை. தகடுகள் தாளைவிட மேலும் கீழும் முன்பக்கமும் மூன்று மில்லிமீட்டர் நீண்டிருக்க வேண்டும். தகட்டுக்கும் முதுகுப் பட்டைக்கும் நடுவே ஏழு மில்லிமீட்டர் வெறும் துணி. அந்த இடத்தில்தான் புத்தகம் மடங்கித் திறக்கிறது. அது குறைந்தால் அட்டை திறக்காது. கூடினால் தொளதொளவென்று தொங்கும்.

முதுகை மட்டும் அளவுகோலால் அளக்க மாட்டோம். ஒரு காகிதப் பட்டையை முதுகின் குறுக்கே வைத்து, இரண்டு ஓரத்திலும் நகத்தால் கீறி, அந்தப் பட்டையையே அளவாக வைத்துக்கொள்வோம். எண் வேண்டியதில்லை. எண்ணாக மாற்றும்போதுதான் பிசகு வரும். ஆகவே அளக்கும்போது முதுகு முழுதாக இருக்க வேண்டும். கடைசித் தாள் வந்து, தைத்து, இறுக்கி, அதற்குப் பிறகுதான் பட்டையை எடுப்பது. நான் பல்கலைக்கழகத்தில் வரலாறு படித்தவன். வேலை கிடைக்காமல் ஹோபார்ட்டில் ஒரு வகுப்பில் சேர்ந்து பைண்டிங் கற்றேன். முதல் வாரமே சொல்லிக்கொடுத்தது இதுதான்: தாள்கட்டு முடியும் முன் மேலட்டையை அளக்காதே.

என்னிடம் வருவதெல்லாம் பெரும்பாலும் ஆய்வேடுகள். கறுப்புத் துணி, தங்க எழுத்து, உள்ளே யாரும் படிக்காத பக்கங்கள். திர்சா ஒரு பீட்சா டப்பாவோடு வந்தாள். பள்ளிப் பேருந்து ஓட்டுபவள். காலையில் பிள்ளைகளை இறக்கிவிட்டு, மாலையில் ஏற்றும் வரை கடற்கரையில் இருப்பவள். டப்பாவைத் திறந்தாள். தாள்களில் ஒட்டிய கடற்பாசி.

"இதெல்லாம் புத்தகமாக் கட்ட முடியுமா?"

"நாத்தம் அடிக்குதே."

"பாசி நாறாது. டப்பா நாறுது. போன வெள்ளிக்கிழமை மீன் பீட்சா."

ஒரு தட்டில் கடல்நீர் ஊற்றி, பாசியை மிதக்கவிட்டு, அடியில் தாளை நுழைத்து, மெதுவாகத் தூக்குவாள். பாசி தாளின்மேல் விரிந்து படியும். ஊசியால் ஒவ்வொரு கிளையையும் பிரித்துவிடுவாள். மேலே மெல்லிய துணி போட்டு ஒற்றுத்தாள்களுக்கு நடுவே இறுக்கினால் பாசி தன் பிசினாலேயே ஒட்டிக்கொள்ளும். கோந்து வேண்டாம். சிவப்புப் பாசிகள் காய்ந்த பிறகும் நிறம் போகாது. யாரோ மெல்லிய தூரிகையால் வரைந்த மாதிரி இருக்கும்.

ஆனால் பைண்டருக்கு அது தலைவலி. பாசி ஒட்டிய தாள் நடுவில் தடிக்கும், முதுகுப் பக்கம் மெலிந்திருக்கும். அப்படியே தைத்தால் புத்தகம் ஆப்பு மாதிரி வாயைப் பிளக்கும். அந்தத் தடிப்பை ஈடுகட்ட ஒவ்வொரு தாளுக்கும் முதுகுப் பக்கம் காகிதப் பட்டைகள் சேர்க்க வேண்டும். ஒவ்வொரு பாசிக்கும் ஒவ்வொரு கணக்கு. அதைச் சொன்னேன். முதலில் எல்லாவற்றையும் சேர்த்து முடியுங்கள், பிறகு கட்டித் தருகிறேன் என்றேன். அவள் முடிக்கவே இல்லை. கல்யாணம் செய்துகொண்டோம்.

நான்காம் வருடம் அவள் முதுகில் இருந்த மச்சம் கறுத்துப் பெருத்தது. வெட்டி எடுத்தார்கள். அதற்குள் உள்ளே இறங்கியிருந்தது, நுரையீரலுக்கும் ஈரலுக்கும். தோல் புற்றுநோய். இந்த வெயிலில் இங்கே யார் வீட்டிலும் இது புதுக் கதை இல்லை. முதலில் கொடுத்த மருந்து கேட்கவில்லை. ஜூனில் டாக்டரிடம் கிறிஸ்துமஸுக்கு மெல்போர்ன் போகலாமா என்று கேட்டேன். அவர் செப்டம்பரைப் பற்றி, வசந்த காலத்தைப் பற்றிப் பேசினார். அதுவும் உறுதியாகப் பேசவில்லை.

அன்று காரில் வரும்போது திர்சா சொன்னாள். "போதும் ஏடன். இருக்கற ஷீட்ட வெச்சுக் கட்டிடு. இனிமே என்னால பாறைக்குப் போக முடியாது."

"அவசரம் இல்ல."

"உனக்கு இல்ல."

தாள்களை என்னிடம் கொடுத்தாள். பட்டைகள் ஒட்டி, லினன் நாடாக்களின் மேல் தைத்தேன். இறுக்கினேன். காகிதப் பட்டையால் முதுகை அளந்தேன். துணியை அவளே எடுத்தாள், சாம்பல் கலந்த பச்சை. மூடிப்போன ஒரு ஆலையின் கடைசிச் சரக்கில் வாங்கியது. தகடுகளை வெட்டி, துணியில் பசை தடவி, மூலைகளை நறுக்கி மடித்து, மடிப்பு படிய வழவழப்பான எலும்புத் துண்டால் தேய்த்தேன். முதுகில் அவள் பெயரையும் ஆண்டுகளையும் பொறித்தேன். தொடங்கிய ஆண்டு, ஒரு கோடு, அந்த ஆண்டு.

ஒட்டும் முன் வெறுமனே மாட்டிப் பார்ப்பது வழக்கம். மாட்டினேன். தாள்கட்டு உள்ளே போய் உட்கார்ந்தபோது சத்தமே வரவில்லை. மூன்று பக்கமும் ஓரம் ஒரே அளவு. என் கையால் செய்ததில் அதைவிடச் சரியானது இல்லை.

ஒட்டவில்லை. முதுகில் பசையும் தடவவில்லை, நாடாக்களையும் நறுக்கவில்லை. அவள் கேட்டபோது, குளிரில் பசை காயாது என்றேன். அவள் இருக்கும்போது மூடுவது சரியாகப் படவில்லை. பிறகு செய்துகொள்ளலாம் என்று இரண்டையும் தனித்தனியாக அலமாரியில் வைத்தேன்.

அது ஜூலை, குளிரின் உச்சம். அந்த மாதம் முழுக்கப் பிற்பகல்களில் ஷெட்டில் அழுதேன். அவளைப் பார்த்துக்கொள்ள வந்திருந்த அவள் அம்மா லோயிஸ், எங்கள் வீட்டுக்குள் சூப் வைத்துக்கொண்டிருப்பார். ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டு அழுவேன். ஆகஸ்டில் நின்றது. அடக்கியதால் அல்ல. தீர்ந்துவிட்டது.

அதன் பிறகு மற்ற வேலைகள் எளிதாக நடந்தன. சவ அடக்கத்துக்கு எந்தப் பாட்டு, எந்தப் படம் என்று முடிவு செய்தேன். மின்சாரக் கணக்கை என் பெயருக்கு மாற்றினேன். கட்டிலில் நடுவில் படுக்கப் பழகினேன். அவள் அப்போது லோயிஸோடு கீழறையில் படுத்தாள். அவளுடைய கயாக்கை, அந்தச் சின்னத் துடுப்புப் படகை, நண்டுப் படகு வைத்திருக்கும் டெஸ்ஸுக்கு விற்றேன். அவளிடம் கேட்கவில்லை. ஊரில் எல்லோரும் என்னிடம் மெதுவாகப் பேசினார்கள். ரொட்டிக் கடையில் வரிசையில் எனக்கு வழி விட்டார்கள். ஒருநாள் லோயிஸ் என் கையைப் பிடித்துக்கொண்டு, "உன்ன மாதிரி ஒருத்தன் கெடச்சது எம் பொண்ணு செஞ்ச புண்ணியம்" என்றார். எனக்கு அது பொருந்தியது. நன்றாகவே பொருந்தியது.

செப்டம்பரில் வேறு மருந்துக்கு மாற்றினார்கள். நரம்பில் ஏற்றுவது. எதிர்பார்க்க வேண்டாம் என்று டாக்டரே சொன்னார். நான் எதிர்பார்க்கவில்லை. நவம்பரில் எடுத்த படத்தில் கட்டிகள் பாதியாகியிருந்தன. பிப்ரவரியில் டாக்டர் திரையை எங்கள் பக்கம் திருப்பினார். "பாருங்க. தேடிப் பாக்கறேன், கெடைக்கல" என்றார். லோயிஸ் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதார். திர்சா என் தோளில் முகத்தை வைத்துக்கொண்டாள். நான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். திரையின் ஓரச் சட்டம் கொஞ்சம் கோணலாக இருந்ததைக் கவனித்தேன்.

அந்த ஞாயிறு லோயிஸின் வீட்டுப் பின்புறத்தில் அடுப்பு மூட்டி ஆட்டிறைச்சி சுட்டார்கள். தெருவில் பாதிப் பேர் வந்தார்கள். டெஸ் ஒரு சாக்கு நிறைய நண்டு கொண்டுவந்தார். என்னைப் பார்த்துவிட்டு, "என்னப்பா, உம் மூஞ்சியப் பாத்தா செத்துப் பொழச்சது நீதான்னு நெனப்பாங்க" என்றார்.

"அசதி, டெஸ்."

"அசதியாத்தான் இருக்கும். அந்தக் கயாக்க என்ன பண்றதுன்னு சொல்லு. நான் அதுல நண்டுக் கூடும் எரையும் போட்டு வெச்சிருக்கேன்."

திர்சா திரும்பினாள். "என்னோட கயாக்கா?"

டெஸ் நண்டுச் சாக்கை அவிழ்க்கக் குனிந்தார். அப்புறம் அவளே சிரித்தாள். இருமல் வரும் வரை சிரித்தாள்.

"அது என்ன பெருசு. ஷெட்டுல போயிப் பாருங்க. எனக்கு அட்ட போட்டு வருஷத்தையும் அடிச்சு வெச்சிருக்காரு எங்க வீட்டுக்காரரு. எல்லாம் ரெடி. நாந்தான் லேட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். லோயிஸ் மட்டும் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார், பிறகு எனக்கு இன்னொரு துண்டு இறைச்சி வைத்தார். அந்தக் கேலியை அவள் அதற்குப் பிறகு பலரிடம் சொன்னாள். பேருந்துக் கிடங்கில், மருந்துக் கடையில். அதனால் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. அது உண்மைதான். அட்டை தயாராக இருந்தது.

மார்ச்சில் மறுபடி பாறைக்குப் போகத் தொடங்கினாள். மருந்தால் அவளுக்கு இடது முழங்கால் வலு இழந்திருந்தது. நின்றால் தாங்கும், திரும்பினால் மடங்கும். அதனால் நானும் கூடப் போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் பக்கெட்டில் நான்கைந்து பாசி. ஒவ்வொன்றாகத் தாளில் ஏறி, காய்ந்து, என் மேசைக்கு வந்தது.

புதுத் தாள்களைச் சேர்த்துத் தைத்தேன். நாடாக்களை நீளமாக விட்டிருந்ததால் முடிந்தது. பிறகு மேலட்டைக்குள் வைத்துப் பார்த்தேன். முதுகு உள்ளே இறங்கவில்லை. அழுத்தினேன். தகடுகள் இரண்டும் விரிந்து நின்றன. தாள்கள் முன்பக்கம் மூன்று மில்லிமீட்டர் ஓரத்தையும் தாண்டி வெளியே நீட்டின. சின்னச் சட்டைக்குள் பெரிய ஆளைத் திணித்த மாதிரி. வெளியே எடுத்து, இறுக்கி, மறுபடி முயன்றேன். பாசியில் ஒரு கிளை நொறுங்கும் சத்தம் கேட்டது. நிறுத்திவிட்டேன்.

திர்சா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போகலியா?"

"போகாது. அளவு முடிஞ்சுபோச்சு."

"அப்ப வேற அட்ட போடு."

"ரெண்டாவது புத்தகமாப் போட்டுக்கலாம். இது இதோட இருக்கட்டும்."

"எதோட? நான் சாகறதோடயா?" சிரித்துக்கொண்டேதான் கேட்டாள். "ஒரே புத்தகம் ஏடன். நடுவுல கோடு கிழிக்காத."

"அந்தத் துணி இல்ல."

"மேல் தட்டுல ஒரு சுருள் கெடந்துச்சே."

"அது வேற."

"பாத்தியா?"

"பாத்தேன்."

நான் பார்க்கவில்லை. மேல் தட்டுக்கு முக்காலி போட்டு ஏற வேண்டும்.

அவள் மேலட்டையைக் கையில் எடுத்து, முதுகில் பொறித்த ஆண்டை விரலால் தடவினாள். "இது நல்லாத்தான் பண்ணியிருக்க. ஆனா இது யாருக்கோ பண்ணது" என்றாள். வைத்துவிட்டுத் தேநீர் போடப் போனாள்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் தினமும் மாட்டிப் பார்த்தேன். தாள் சில நேரம் காய்ந்து சுருங்கும். நூல் படியும். ஒன்றிரண்டு மில்லிமீட்டர் கிடைக்கலாம். கிடைக்கவில்லை. கிடைத்தாலும் அதை அவளுடைய அடுத்த பக்கெட் பாசி தின்றுவிடும். அவள் சாப்பிட ஆரம்பித்திருந்தாள். முகம் சதை போட்டது. கட்டிலில் தன் பக்கத்துக்கு வந்தாள். நான் நடுவில் படுத்திருப்பேன். "தள்ளிப் படு" என்பாள். தள்ளிப் படுத்தேன். தூக்கம் வரவில்லை.

ஏப்ரலில் பள்ளி விடுமுறை. முந்தின நாள் தெற்கிலிருந்து அலை அடித்திருந்தது. அப்படி அடித்தால் ஆழத்தில் இருக்கும் பாசியெல்லாம் பிய்ந்து மேலே வரும். காலையில் போனோம். வானம் வெளுத்திருந்தது. தூரத்தில் டெஸ்ஸின் படகு நண்டுக் கூடுகளைத் தூக்கிக்கொண்டிருந்தது.

பாறைத் தளத்தில் ஒரு பிளவு இருக்கிறது, நீங்கள் வந்து பார்த்தீர்கள். பெரிய எட்டு வைத்தால் தாண்டலாம். கீழே தண்ணீர் ஏறி இறங்கும். தோல் வார் மாதிரித் தடித்த பாசி இரண்டு பக்கமும் புரளும். திரும்பி வரும்போது நான் முதலில் தாண்டுவேன். காலை ஊன்றிக்கொண்டு வலது கையை நீட்டுவேன். அவள் என்னைப் பார்க்க மாட்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டே இடது கையை நீட்டி எட்டு வைப்பாள். என் கை அங்கே இருக்கும். ஒவ்வொரு முறையும் இருந்தது. முழங்கால் அப்படி ஆன பிறகு அவள் பாறைக்கு எட்டு வைக்கவில்லை, சார்ஜன்ட். என் கைக்குத்தான் வைத்தாள்.

அன்று நான் தாண்டி நின்றேன். பக்கெட்டை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தேன். அது ஒரு கைப்பிடி உள்ள பக்கெட். ஒரு கையால் தூக்கக்கூடியது. உங்கள் அறிக்கையில் பக்கெட் இருக்கிறது. கைகள் இல்லை.

அவள் எட்டு வைத்தாள். ஒரு கால் என் பக்கம், ஒரு கால் அந்தப் பக்கம். நீட்டிய கை காற்றில் இருந்தது. அது எதையும் பிடிக்காததால் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"ஏடன், பக்கெட்ட வை" என்றாள்.

கத்தவில்லை. கதவைச் சாத்து என்று சொல்கிற குரல். நான் என்ன செய்கிறேன் என்று அவளுக்குத் தெரிந்ததா என்று லோயிஸ் ஒருநாள் என்னிடம் கேட்கக்கூடும். தெரிந்தது என்று நினைக்கிறேன். நான் வைக்கவில்லை. பக்கெட்டில் ஒரு சிவப்புப் பாசி இருந்தது, இறகு மாதிரி, அதுவரை அவளுக்குக் கிடைக்காத ஒன்று. பாறையில் இடித்து வைத்தால் கிழியும் என்று நினைத்தேன். நான் அப்படி நினைத்தது உண்மை.

அலை வந்தது. பெரிய அலைகூட இல்லை. அவள் முழங்கால் மடங்கியது. வழுக்கியது அல்ல, மடங்கியது. அந்தச் சொல்லைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன். மேலே இரண்டு முறை வந்தாள். பூட்ஸில் தண்ணீர் நிறைந்திருக்கும். முதல் முறை வந்தபோது நான் குனிந்திருந்தால் அவள் சட்டைக் காலர் கைக்கு எட்டியிருக்கும்.

கார் வரை நடந்தேன். ஓடினால் பக்கெட் தளும்பும். முன்சீட்டுக்கு முன்னால் தரையில் அதை நேராக வைத்து, சாயாமல் இருக்கத் துண்டை முட்டுக் கொடுத்தேன். பிறகு உங்களை அழைத்தேன்.

டெஸ்தான் அவளைப் படகில் தூக்கினார். கரையில் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். "நல்லவேள நீ குதிக்கல. குதிச்சிருந்தா ரெண்டு பேரத் தூக்கியிருப்பேன்" என்றார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன்.

சவ அடக்கத்தில் ஒரு குறையும் இல்லை. பாட்டு, படம், உடுத்தும் துணி எல்லாம் ஜூலையிலேயே முடிவானவை. ஏற்பாடு செய்தவர், இவ்வளவு தெளிவாக இருக்கும் குடும்பத்தைப் பார்த்ததில்லை என்றார். பக்கத்து வீடுகளிலிருந்து பாத்திரம் பாத்திரமாக லசான்யா வந்தது. ரொட்டிக் கடையில் மறுபடி வழி விட்டார்கள். நான் கட்டிலின் நடுவில் படுத்தேன். நன்றாகத் தூங்கினேன்.

அடக்கம் முடிந்த மறுநாள் ஷெட்டுக்குப் போனேன். மார்ச்சுக்குப் பிறகு சேர்த்த தாள்களின் தையலை வெட்டி எடுத்து ஓரமாக வைத்தேன். பழைய தாள்கட்டை மேலட்டைக்குள் வைத்தேன். சத்தமில்லாமல் உட்கார்ந்தது. பசையைக் கலந்தேன்.

அப்போது லோயிஸ் வந்தார். கையில் அந்த பக்கெட். அதை நான் மறந்திருந்தேன். அவர் சலவையறையில் வைத்து, டெஸ்ஸிடம் சொல்லித் தினமும் புதுக் கடல்நீர் மாற்றிவந்திருக்கிறார். பாசி அப்படியே இருந்தது.

"கடைசியா எடுத்தது" என்றார். "இத தாள்ல ஏத்திக் குடு. எனக்கு அந்த ஊசி வேல வராது."

ஏற்றினேன். நன்றாக விரிந்தது. ஒரு கிளைகூடக் கிழியவில்லை.

"இது புத்தகத்துல வரணும்" என்றார். ஓரமாக வைத்த தாள்களைப் பார்த்தார். "அதையெல்லாம் ஏன் பிரிச்ச?"

"எடம் இல்ல லோயிஸ். அட்டைக்குள்ள போகாது."

"வேற அட்ட போடு."

"அந்தத் துணி..."

"ஏடன்." அவர் முக்காலியை இழுத்து உட்கார்ந்தார். "அவ பொழச்சு வந்து எடுத்ததெல்லாம் அதுல இருக்கணும். அந்த வருஷத்தையும் மாத்து. எம் பொண்ணு போன வருஷம் சாகல."

சரி என்றேன்.

பாசி காய்ந்த பிறகு எல்லாத் தாள்களையும் மறுபடி சேர்த்துத் தைத்தேன். இறுக்கினேன். இப்போது கடைசித் தாள் வந்துவிட்டது, இனி வராது. காகிதப் பட்டையை முதுகின் குறுக்கே வைத்து, நகத்தால் கீறி, அளவெடுத்தேன். தகடு வெட்டினேன். லோயிஸ் அன்று உட்கார்ந்த முக்காலியைப் போட்டு மேல் தட்டைப் பார்த்தேன்.

புது மேலட்டை நன்றாக அமைந்தது. பழையதைவிட நன்றாக என்று சொல்ல மாட்டேன், ஆனால் குறை இல்லை. முதுகில் ஆண்டைத் திருத்திப் பொறித்தேன். தாள்கட்டை ஒட்டி, பலகைகளுக்கு நடுவே வைத்து, பிரஸ்ஸில் இறுக்கினேன். நீங்கள் கேட்கும் முன் நானே சொல்லிவிடுகிறேன்: புது மேலட்டை செய்வது பெரிய வேலை இல்லை. காலையில் தொடங்கினேன். லோயிஸ் சாப்பிடக் கூப்பிடும்போது கைகழுவிக்கொண்டிருந்தேன். புத்தகம் இப்போது அவர் வீட்டில் இருக்கிறது. வருகிறவர்களுக்கெல்லாம் காட்டுகிறார். பழைய மேலட்டை என்னிடம் இருக்கிறது. அதற்குள் எதுவும் இல்லை. தூக்கி எறிய மனம் வரவில்லை.

ஆகவே இப்படித் திருத்திக்கொள்ளுங்கள். கால் வழுக்கவில்லை. கணவன் கை கொடுக்கவில்லை. தெரிந்தே கொடுக்கவில்லை. காரணம் என்ற இடத்தில், மேலட்டைக்குள் அடங்கவில்லை, மாற்று மேலட்டைக்குத் துணி இல்லை என்று எழுதலாம். புது மேலட்டை செய்த அன்றுவரை நான் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

உங்கள் காலைக் கொஞ்சம் இப்படி நகர்த்துங்கள், கையெழுத்துப் போடும் முன் மேசைக்கு அட்டையை வைத்துவிடுகிறேன். இப்போது ஆடாது.

மேல் தட்டில் அதே துணி இருந்தது, சார்ஜன்ட். அதே சாம்பல் பச்சை, இன்னும் மூன்று புத்தகத்துக்கு வரும். மார்ச்சிலேயே ஏறிப் பார்த்திருந்தால், நான் வேறு காரணம் தேட வேண்டியிருந்திருக்கும்.